பிளஸ் டூவுக்குப் பின் பி.பி.ஏ.வா, பி.காம்.மா? கட்டணத்தையும் முதல் சம்பளத்தையும் எதிரெதிரே வைத்து ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் காமர்ஸ் பிரிவு மாணவர் வீடுகளில் ஓடும் பேச்சு ஏறத்தாழ ஒன்றுதான். பி.காம். ஊரெல்லாம் படிக்கிறது, பி.பி.ஏ. படித்தால் நேராக மேனேஜர் வேலைக்குப் போகலாம் என்கிறார்களே, சேர்க்கலாமா? ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. எழுதச் சொல்கிறார்கள், பிள்ளையால் முடியுமா? இன்றைக்குள் அட்வான்ஸ் கட்டாவிட்டால் சீட் போய்விடும் என்று தனியார் கல்லூரியிலிருந்து போன் வருகிறதே, கட்டிவிடலாமா?

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் பிரிவிலோ பி.காம். இடம் கிடைக்கிறது என்றால், அதை விட்டுவிட்டுக் கடன் வாங்கிச் சுயநிதிக் கல்லூரியில் பி.பி.ஏ. சேர்ப்பது பெரும்பாலும் நட்டத்தில்தான் முடியும். பி.பி.ஏ. பாடங்கள் மட்டம் என்பதல்ல காரணம். அந்தப் பட்டத்தின் மதிப்பு முழுக்க முழுக்க அதைத் தரும் கல்லூரியைச் சார்ந்தது. பி.காம். அப்படியல்ல. கல்லூரி சுமாராக இருந்தாலும், ஒழுங்காகப் படித்தவர் கையில் கணக்கு என்ற ஒரு தொழில் மிஞ்சுகிறது.

பாடத்தில் இருக்கும் வேறுபாடு

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இரண்டுமே மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர். பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம் என்பதும் இரண்டுக்கும் பொது. பகுதி மூன்றில்தான் வழி பிரிகிறது.

பி.காம்.மில் நிதிநிலைக் கணக்கியல், கூட்டாண்மைக் கணக்கு, நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், தணிக்கை, வணிகச் சட்டம், நிறுமச் சட்டம், வருமான வரி, ஜி.எஸ்.டி. என்று போகும். பி.பி.ஏ.வில் மேலாண்மைக் கோட்பாடுகள், நிறுவன நடத்தை, சந்தைப்படுத்தல், மனிதவளம், உற்பத்தி மேலாண்மை, வணிகப் புள்ளியியல், ஆராய்ச்சி முறை, தொழில்முனைவு ஆகியவை. கணக்கு இரண்டு மூன்று தாள்களோடு நின்றுவிடும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பி.பி.ஏ.தான் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 21 வயதில் வேலைக்குச் சேரும் ஒருவரிடம் எந்த நிறுவனம் 'எந்தச் சந்தையில் இறங்கலாம், யாரை வேலைக்கு எடுக்கலாம்' என்று கேட்கப்போகிறது? அந்த முடிவுகளை எம்.பி.ஏ. முடித்தவரிடமோ பத்து வருட அனுபவம் உள்ளவரிடமோதான் ஒப்படைப்பார்கள். மாறாக, பேங்க் ரீகன்சிலியேஷன் (நம் ஏட்டையும் வங்கிக் கணக்கையும் ஒத்துப்பார்ப்பது) போடு, பில்லைப் பதிவு செய், டெப்டார் (கடனுக்கு வாங்கியவர்) பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று பட்டியல் எடு என்ற வேலைகளை 21 வயதுக்காரரிடம் முதல் நாளே கொடுத்துவிடுவார்கள். பி.பி.ஏ. கற்பிப்பது பத்து வருடம் கழித்துப் பயன்படும் அறிவு, பி.காம். கற்பிப்பது முதல் மாதமே பயன்படும் வேலை. முதல் வேலை கிடைப்பதில் இந்த ஒரு வேறுபாடு நிறையத் தீர்மானிக்கிறது.

அக்கவுண்ட்ஸ் உதவியாளர் வேலைக்கான நேர்காணலை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளை நீட்டி இப்படிக் கேட்பார்கள்: "பெங்களூரு சப்ளையரிடம் 1,00,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கியிருக்கிறோம், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்ட்ரி போடுங்கள்." கொள்முதல் கணக்கில் பற்று 1,00,000, உள்ளீட்டு ஐ.ஜி.எஸ்.டி. (வெளிமாநிலச் சரக்குக்கான வரி) கணக்கில் பற்று 18,000, சப்ளையர் கணக்கில் வரவு 1,18,000. அடுத்த கேள்வி: "அதே சரக்கு ஓசூரிலிருந்து வந்தால்?" சென்னை நிறுவனத்துக்கு ஓசூர் உள்மாநிலம், ஆகவே ஐ.ஜி.எஸ்.டி. இல்லை, மத்திய அரசுக்கான சி.ஜி.எஸ்.டி. 9,000, மாநில அரசுக்கான எஸ்.ஜி.எஸ்.டி. 9,000. மூன்றாவது கேள்வியில்தான் ஆள் தெரிந்துவிடும்: "சப்ளையர் தன் விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்யவில்லை. இப்போது என்ன செய்வீர்கள்?" அந்தப் பில் நமக்கான வரி வரவுப் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யில் வராது, வராத வரைக்கும் அந்த 18,000 ரூபாயை நாம் தாக்கல் செய்யும் வரிப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்.-3பி-யில் வரவாக எடுக்க முடியாது, அதுவரை அந்தத் தொகை நம் கையிலிருந்து போகும், எனவே சப்ளையரைத் துரத்த வேண்டும் அல்லது பாக்கியில் வரித் தொகையை நிறுத்திவைக்க வேண்டும். இந்த நான்கு வரி சொல்லத் தெரிந்தவரை எடுத்துக்கொள்ள நிறுவனம் தயங்காது. சொல்லத் தெரியாதவர் பி.பி.ஏ. என்றாலும் பி.காம். என்றாலும் ஒன்றுதான்.

இந்த மூன்றாவது கேள்விக்கு பி.காம். மாணவர்கள் பலராலும் பதில் சொல்ல முடிவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தாளில் பேரேடு போட்டுப் பழகியவர்கள் டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். எக்ஸெலில் பிவட் டேபிள், எக்ஸ்-லுக்கப் தெரியாது. பாடத்திட்டம் சட்டத்துக்குப் பின்னால் நொண்டி நொண்டி வருவது இன்னொரு சிக்கல். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற இரட்டைக் கணக்கு போய் 'வரி ஆண்டு' என்ற ஒன்று வந்திருக்கிறது. பழைய நோட்ஸை வைத்தே ஒரு கல்லூரி வரிப் பாடம் நடத்தினால், மாணவர் நேர்காணலில் போய் அந்த இடத்தில்தான் விழுவார். எனவே பி.காம். பட்டத்தோடு டாலி, எக்ஸெல், ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு மே மாத விடுமுறை, இவ்வளவும் சேர்ந்தால்தான் அது முழுசாகும்.

பெயரைப் பார்த்து ஏமாறும் இடம்

பி.காம். சி.ஏ. என்றால் சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி என்று எண்ணிச் சேர்த்துவிடும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அது கணினிப் பயன்பாடு. வழக்கமான பி.காம்.மில் சில கணக்குத் தாள்களை எடுத்துவிட்டு நிரலாக்கமும் தரவுத்தளமும் சேர்த்திருப்பார்கள். கார்ப்பரேட் செகரட்டரிஷிப் படித்தால் கம்பெனி செகரட்டரி ஆகிவிட முடியாது, அதற்கு கம்பெனி செகரட்டரிகளின் நிறுவனமான ஐ.சி.எஸ்.ஐ. நடத்தும் தேர்வுகளைத் தனியாக எழுத வேண்டும். பி.பி.ஏ. பக்கமும் லாஜிஸ்டிக்ஸ், ஏவியேஷன், மருத்துவமனை நிர்வாகம், பிசினஸ் அனலிட்டிக்ஸ் என்று வால் நீளும். பெயரில் அனலிட்டிக்ஸ் இருந்தால் பாடத்திட்டத்தை வாங்கி, எஸ்.க்யூ.எல்., பைத்தான், புள்ளியியல் எத்தனை தாள், எத்தனை மணி நேர ஆய்வகம் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு தாள்தான் என்றால், கூடுதல் கட்டணம் பெயருக்குத்தான் போகிறது.

சான்றுகளில் ஒன்றைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும். 2024–25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ., பி.சி.ஏ. நடத்தும் கல்லூரிகளை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தன் ஒப்புதலுக்குள் கொண்டுவந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் பி.பி.ஏ. சேர்வதாக இருந்தால், நடப்பு ஆண்டுக்கான ஒப்புதல் கடிதத்தையும் அதில் அனுமதித்த இடங்களின் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். பி.காம்.முக்கு இந்த ஒப்புதல் தேவையில்லை.

கட்டணமும் கடனும்

அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. விண்ணப்பமும் அரசுக் கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கைக்கான டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளத்தில் 48 ரூபாய்க் கட்டணமும் 2 ரூபாய் பதிவுக் கட்டணமும்தான். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் உதவிப் பிரிவில் கட்டணம் குறைவுதான். சென்னையில் பல பழைய கல்லூரிகளில் ஒரே வளாகத்தில் காலைப் பிரிவு அரசு உதவியிலும், மாலைப் பிரிவு சுயநிதியிலும் நடக்கும். கல்லூரியின் பெயர் ஒன்றுதான், கட்டணம்தான் பல மடங்கு வேறுபடும். பி.பி.ஏ. பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கும் என்பதால், "எந்தப் பிரிவு, எந்த ஷிப்ட்" என்று கேட்காமல் கட்டணத்தை ஒப்பிடாதீர்கள்.

இப்போது ஒரு கணக்கு. கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து மூன்று ஆண்டுக்கு 5,00,000 ரூபாய் கல்விக் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10.5 விழுக்காடு. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் மூன்றில் ஒரு பங்கு வழங்கப்படுகிறது. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் பங்குக்கு நான்கு ஆண்டு, இரண்டாவதுக்கு மூன்று, மூன்றாவதுக்கு இரண்டு. நான்காம் ஆண்டு முடிவில் சேர்ந்திருக்கும் வட்டி 1,57,500. அசலோடு சேர்த்து 6,57,500 ரூபாயை ஏழு ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 11,090 ரூபாய். படிக்கும் காலத்திலேயே அந்த வட்டியை மாதாமாதம் கட்டிவந்திருந்தால் தவணை 8,430-இல் நின்றிருக்கும். வங்கிக் கிளையில் பல நேரம் இதை எடுத்துச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் சம்பளத்தை வைப்போம். "ஆண்டுக்கு 3 லட்சம் சி.டி.சி." என்று ஆஃபர் லெட்டர் வருகிறது. சி.டி.சி. என்றால் நமக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. 3,00,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து 25,000 என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அதில் 30,000 இலக்கை எட்டினால் மட்டுமே வரும் தொகை என்று இருக்கலாம். அடிப்படைச் சம்பளம் மாதம் 12,500 என்றால் நிறுவனம் கட்டும் பி.எஃப். ஆண்டுக்கு 18,000, கிராஜுவிட்டிக்கு 4.81 விழுக்காடு என்று 7,215. இவ்வளவும் சி.டி.சி.க்குள்ளேயே அடக்கம். மீதி 2,44,785, மாதம் 20,400. அதில் நம் பங்கு பி.எஃப். 1,500, இ.எஸ்.ஐ. 153, தொழில் வரி எல்லாம் போகக் கையில் வருவது 18,500 ரூபாய்ச் சுமார். அதிலிருந்து 11,090 தவணை போனால் மிச்சம் 7,400. சென்னையில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது போதாது. வீட்டிலிருந்து பணம் வந்தால்தான் வேலைக்கே போக முடியும் என்ற நிலை. இதே சம்பளத்தை அரசுக் கல்லூரியில் பி.காம். முடித்தவர் வாங்கினால் 18,500 முழுதும் அவர் கையில்.

ஆகவே கட்டணத்தைப் பார்க்கும்போது ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லூரி தரும் முதல் வேலையில் கையில் வரும் சம்பளத்தில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகுமானால் அந்த இடம் வேண்டாம். கடன் தேவைப்பட்டால் மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பிணையமும் உத்தரவாதமும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை வட்டியில் 3 விழுக்காடு மானியம் பெறவும் வழியுண்டு.

சி.ஏ., சி.எம்.ஏ. வழி

செலவுக்கு எதிரே பலனை வைத்துப் பார்த்தால் சி.ஏ.வுக்கு இணையான வழி இந்தியாவில் வணிகப் படிப்பில் வேறில்லை. தனிப்பயிற்சியைத் தவிர்த்து, தோல்வி இல்லாமல் போனால், அந்தத் தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ.க்குப் பதிவு, பயிற்சி, தேர்வு என்று கட்டுவது எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சத்துக்குள் அடங்கும். சிக்கல், தோல்வி இல்லாமல் போவது அரிது.

மூன்று நிலைகளில், பவுண்டேஷனில் நான்கு தாள், இன்டரில் ஆறு, பைனலில் ஆறு. 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆடிட்டரிடம் பெறும் பயிற்சியான ஆர்டிகிள்ஷிப் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்ததுமே பவுண்டேஷனுக்குப் பதிவு செய்துவைக்கலாம், தேர்வு எழுதப் பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். பட்டம் முடித்தவர் பவுண்டேஷனைத் தாண்டி நேராக இன்டருக்கு வரலாம். வணிகவியல் பட்டதாரிக்கு 55 விழுக்காடும், மற்றப் பட்டதாரிக்கு 60 விழுக்காடும் வேண்டும்.

பிள்ளைகள் விழும் இடம் எது என்று பார்த்தால், அது தாளுக்கு 40 என்பதல்ல, தொகுதிக்கு 50 விழுக்காடு என்பது. இன்டரில் ஒரு தொகுதிக்கு மூன்று தாள். மேம்பட்ட கணக்கியலில் 42, சட்டத்தில் 43, வரியில் 44 எடுத்த ஒருவர் மூன்று தாளிலும் 40-ஐத் தாண்டிவிட்டார். ஆனால் மொத்தம் 129. வேண்டியது 150. ஆகவே மூன்றையும் மறுபடி எழுத வேண்டும். இதற்கு மாற்று, மூன்றையும் சமமாகப் படிக்காமல், ஒரு தாளையாவது 60-க்கு மேல் கொண்டுபோவது. 60 எடுத்த தாளுக்குத் தொகுதியில் தோற்றாலும் விலக்கு கிடைக்கும், மற்ற தாள்களின் குறையையும் அது இழுத்துப் பிடிக்கும்.

தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் சட்டத் தாளில் திணறுவது பெரும்பாலும் மொழியால்தான், அறிவால் அல்ல. பி.காம். முதலாண்டிலிருந்தே சட்டப் பிரிவுகளை ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் இரண்டு வருடத்தில் இது சரியாகிவிடும். ஆர்டிகிள்ஷிப்போடு பட்டமும் படிப்பதாக இருந்தால் ஐ.சி.ஏ.ஐ.யிடம் படிவம் 112-இல் அனுமதி வாங்க வேண்டும், கல்லூரி நேரம் அலுவலக நேரத்தோடு மோதக் கூடாது. காலை ஷிப்ட் அல்லது தொலைநிலை பி.காம். எடுப்பவர்கள் இதனால்தான் எடுக்கிறார்கள். இந்த வழியில் போகிறவருக்கு முழுநேர பி.பி.ஏ. எந்த வகையிலும் உதவாது, நேரத்தைத்தான் தின்னும்.

சி.எம்.ஏ. என்ற அடக்கவிலைக் கணக்காளர் தகுதி, உற்பத்தித் துறையில் அடக்கவிலைப் பக்கம் போக விரும்புகிறவருக்கு. கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் மாதிரித் தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரத்தில் இருப்பவர் இதை யோசிக்கலாம். இன்டர் எட்டுத் தாள், பைனல் எட்டுத் தாள், ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு, பயிற்சி 15 மாதம். ஏ.சி.சி.ஏ. என்ற பிரிட்டன் கணக்காளர் தகுதிக்கு 13 தாள், படித்த படிப்பைப் பொறுத்து ஒன்பது வரை விலக்கு, கட்டணம் பவுண்டில். வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் சென்னை, பெங்களூரு மையங்களில் மதிப்பு உண்டு. ஆனால் இந்தியாவில் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை அதற்கு இல்லை. ஏ.சி.சி.ஏ. இணைந்த பி.காம். என்று விற்கும் கல்லூரியில், எத்தனை தாளுக்கு விலக்கு, அந்த விலக்குக் கட்டணம் யார் கட்டுவது என்று எழுத்தில் வாங்குங்கள்.

எம்.பி.ஏ.தான் இலக்கு என்றால்

"எம்.பி.ஏ. படிக்கப்போகிறாள், அதனால் பி.பி.ஏ." என்பது கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கேட் தேர்வுக்கோ டான்செட்டுக்கோ பி.பி.ஏ. தேவையில்லை. எந்தப் பட்டமும் போதும். கேட் தேர்வுக்குப் பட்டத்தில் 50 விழுக்காடு, பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45. தேர்வில் கேட்பது கணிதத் திறன், தரவைப் படிக்கும் திறன், ஆங்கில வாசிப்பு. மூன்றையும் பி.பி.ஏ.வை விட பி.எஸ்சி. புள்ளியியலோ பொருளியலோ நன்றாகவே வளர்க்கும். மேலும் எம்.பி.ஏ. முதலாண்டில் சந்தைப்படுத்தல், நிறுவன நடத்தை, மனிதவளம், நிதி என்று பி.பி.ஏ.வில் படித்ததே திரும்ப வரும். ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கட்டணம் கட்டுவது அது. எம்.பி.ஏ. உறுதி என்றால், முன்னால் வேறு ஏதாவது ஒன்றில் ஆழமாக இறங்குவதும், நடுவில் இரண்டு வருடம் வேலை பார்ப்பதும் நல்லது.

இதற்கு விலக்கு, இந்திய மேலாண்மை நிறுவனங்களான ஐ.ஐ.எம்.கள் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நடத்தும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. இந்தூரில் 2011-இல் தொடங்கியது, பின்னர் ரோத்தக், ராஞ்சி, ஜம்மு, புத்தகயா என்று பரவியது. இந்தூருக்கும் ரோத்தக்குக்கும் தனித்தனித் தேர்வு, ஜம்முவுக்கும் புத்தகயாவுக்கும் ஜிப்மாட் என்ற பொதுத் தேர்வு. கட்டணம் பெரிது, ஆனால் கடைசியில் எம்.பி.ஏ.வும் ஐ.ஐ.எம். பெயரும் கிடைக்கிறது என்பதால் கடன் கணக்கு வேறு மாதிரி வரும். பிளஸ் ஒன்னிலேயே கணிதத்தையும் ஆங்கில வாசிப்பையும் தொடங்காதவர் கடைசி இரண்டு மாதத்தில் எழுதித் தேறுவது கடினம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.எம்.எஸ். (மேலாண்மைப் பட்டம்), பி.பி.ஏ. நிதி முதலீட்டுப் பகுப்பாய்வு ஆகியவற்றுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. ஷகீத் சுக்தேவ் கல்லூரி மாதிரி இடத்தில் கிடைத்தால், கட்டணம் குறைவு, உடன் படிப்பவர்கள் வடிகட்டி வந்தவர்கள். அந்த பி.பி.ஏ.வுக்கும் நம் ஊர்ச் சுயநிதிக் கல்லூரி பி.பி.ஏ.வுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

பி.பி.ஏ. சரியாகப் பொருந்துகிறவர்கள்

இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கட்டாயப்படுத்தி பி.காம்.மில் தள்ளுவதும் தவறு. பேச்சிலும் பழக்கத்திலும் தேர்ந்து, விற்பனைத் துறையை மனதார விரும்பும் பிள்ளை. பேரேட்டைக் கண்டாலே ஓடும், ஆனால் பத்துப் பேரைச் சேர்த்து ஒரு விழாவைக் கச்சிதமாக நடத்திக் காட்டும் பிள்ளை. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்ததால் பி.காம்.முக்கு விண்ணப்பிக்கத் தகுதி இல்லாமல் போனவர். பல கல்லூரிகளில் பி.காம்.முக்கு வணிகவியலோ கணக்குப்பதிவியலோ படித்திருக்க வேண்டும், பி.பி.ஏ.வுக்குப் பெரும்பாலும் எந்தப் பிரிவும் போதும். இவர்களுக்கு பி.பி.ஏ. நல்ல படிப்பு. குழுவாக வேலை செய்வது, மேடையில் பேசுவது, ஆய்வறிக்கை எழுதுவது என்று பி.காம்.மில் கிடைக்காத பயிற்சி அதில் உண்டு. கூடவே எக்ஸெல், ஒரு புள்ளியியல் கருவி, மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் ஆசை இருந்தால் அதை விற்பவர்களுக்கான என்.ஐ.எஸ்.எம். 5-ஏ சான்றிதழ் என்று கைக்குப் பிடிமானமாக ஏதாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சொந்தக் கடை, சொந்தப் பட்டறை இருக்கிறது, பிள்ளைதான் எடுத்து நடத்தப்போகிறது என்றால், எங்கள் யோசனை மாலைப் பிரிவு பி.காம்., பகலில் கடை. கொள்முதல், கடன் வசூல், ஜி.எஸ்.டி. மூன்றும் கடையில் தினமும் நடக்கிறது, பாடமும் அதையே பேசும். தொழில் தொடங்கக் கடன் வாங்க பி.பி.ஏ. உதவும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட உற்பத்தித் தொழிலுக்கே எட்டாம் வகுப்புத் தேர்ச்சிதான் கேட்கிறார்கள்.

அரசு வேலைப் பக்கம் சுருக்கமாக: வங்கி அதிகாரி தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-இன் பெரும்பாலான பணிகள் ஆகியவற்றுக்கு எந்தப் பட்டமும் செல்லும். வணிகவியல் ஆசிரியராக விரும்புகிறவர் மட்டும் பி.காம்., எம்.காம்., பி.எட். என்று ஒரே தடத்தில் போக வேண்டும். பி.பி.ஏ.வில் தொடங்கி எம்.காம்.முக்குத் தாவினால் பட்டத்தின் இணைத்தன்மைக் கேள்வி பின்னால் வந்து நிற்கும்.

கல்லூரியைச் சோதிப்பது எப்படி

'100 விழுக்காடு பிளேஸ்மென்ட்' என்ற பேனரை ஒதுக்கிவிட்டு, பிளேஸ்மென்ட் அலுவலரிடம் இதே துறையின் கடந்த ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். மொத்த மாணவர் எத்தனை, நேர்காணலுக்கு அனுமதிக்கப்பட்டவர் எத்தனை, வேலையில் சேர்ந்தவர் எத்தனை? அனுமதிக்கப்பட்டவர் என்ற எண்ணில்தான் சூட்சுமம். பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு, நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்று கேட்கும். 120 பேரில் 50 பேருக்குத்தான் அந்தத் தகுதி, 50 பேருக்கும் வேலை என்றால் பேனரில் நூறு என்று போட்டுவிடலாம். மீதி 70 பேரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

அடுத்து வேலையின் பெயர். மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ், ரிலேஷன்ஷிப் ஆஃபீசர், பிசினஸ் டெவலப்மென்ட் அசோசியேட் என்றெல்லாம் இருக்கும். பி.பி.ஏ. மாணவருக்கு வரும் ஆஃபரில் இவை அதிகம். பெரும்பாலும் தனிநபர் கடன், கிரெடிட் கார்டு, காப்பீடு விற்கும் களப்பணி. மாத இலக்கு எவ்வளவு, பெட்ரோல் படி யார் தருவது, சம்பளம் நிறுவனத்தின் கணக்கிலா வேறு ஏஜென்சியின் கணக்கிலா என்று முன்னாள் மாணவர் ஒருவரையாவது கேட்டுவிடுங்கள். அந்த வேலை மட்டம் என்று சொல்லவில்லை, நன்றாகச் செய்கிறவர்கள் வேகமாக மேலே போகிறார்கள். ஆனால் அதற்கு ஐந்து லட்சம் செலவழித்துப் படித்திருக்க வேண்டியதில்லை.

நூலகத்துக்குப் போய் கடந்த இரண்டு ஆண்டு பி.பி.ஏ. திட்ட அறிக்கைகளைக் காட்டச் சொல்லுங்கள். 'வாடிக்கையாளர் திருப்தி' பற்றிய ஆய்வு பத்து இருந்து, பத்திலும் அதே கேள்வித்தாள், நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறியிருந்தால், அங்கே ஆய்வு நடக்கவில்லை, பைண்டிங் நடக்கிறது. இன்டர்ன்ஷிப்பும் அப்படித்தான். ஒரு மாதம் உள்ளே உட்கார்ந்த மாணவரிடம் என்ன வேலை செய்தாய் என்று கேட்டால், அறையின் எந்த மூலையில் பிரிண்டர் இருந்தது என்பது வரை சொல்வார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர் முதல் கேள்வியிலேயே தடுமாறுவார். இறுதியாண்டு மாணவர்களை பஸ் ஸ்டாப்பில் பார்த்துப் பேசினால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பணம் கட்டிய பிறகு நல்ல இடம் கிடைத்தால்

தனியார் கல்லூரிகள் முடிவு வருவதற்கு முன்பே பணம் வாங்கிவிடுகின்றன, அரசுக் கல்லூரிக் கலந்தாய்வு அதற்குப் பின்னால்தான் வரும். எனவே முதல் கல்லூரியில் கட்டிவிட்டோமே என்று பலர் நல்ல இடத்தை விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும், அதில் சிறிய நடைமுறைக் கட்டணம் மட்டும் கழியலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு, கடைசித் தேதிக்குப் பின் 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதற்கு மேல் இல்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளவும் கூடாது. எனவே சேரும்போதே டி.சி., மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றுக்கு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கட்டிய பணத்துக்கு 'நன்கொடை' என்று இல்லாமல் 'கட்டணம்' என்று ரசீது கேட்டு வாங்குங்கள். விலகல் கடிதத்தைத் தேதி போட்டுக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். அதே நாளில் மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.